காசநோய் என்று எழுதும் முன் ஒரு சில்வர் ஸ்டெயின்

நம்ம பக்கத்தில் நுரையீரல் பயாப்சியில் கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட முடிச்சு) ஒன்று கண்ணில் பட்டால் போதும், கை தானாகக் காசநோய் என்று எழுதிவிடும். அதில் பெரிய தப்பும் இல்லை, பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். சிக்கல் மிச்சமிருக்கும் கொஞ்சப் பேரிடம்தான். ஆறு மாதம் டி.பி. மாத்திரையை ஒரு வேளை விடாமல் சாப்பிட்டும் இருமல் நிற்காது, எடை ஏறாது, சி.டி.யில் நிழல் பெரிதாகிக்கொண்டே போகும், கடைசியில் யாராவது பழைய பிளாக்கை, அதாவது சதையைப் பதித்த மெழுகுக் கட்டியை, தேடி எடுத்து ஜிஎம்எஸ் என்ற சில்வர் ஸ்டெயின் போட்டுப் பார்த்தால் பூஞ்சை அன்றைக்கே அதில் இருந்திருக்கும். அந்த ஸ்டெயின் போட அரை நாள் கூட ஆகாது.

பாளையங்கோட்டை, தென்காசி, சங்கரன்கோவில், வள்ளியூர் என்று நெல்லைச் சீமையில் ஸ்லைடு பார்க்கிற பேத்தாலஜி பி.ஜி.க்கள், சின்ன லேப் வைத்திருக்கும் டாக்டர்கள், ஸ்டெயின் போடும் டெக்னீஷியன்கள், இவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சதையை எடுத்து அனுப்பும் நெஞ்சு டாக்டர்கள் அடுத்த பகுதியை மட்டும் படித்தாலும் போதும். நோயாளியின் சொந்தக்காரர் யாராவது ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால், மருந்து விஷயத்தை டாக்டரிடம் கேட்டு முடிவு பண்ணுங்கள், இதை வைத்து வேண்டாம்.

திசு ஸ்லைடு மூன்று கேள்விக்குப் பதில் சொல்லும். பூஞ்சை இருக்கிறதா, அது திசுவுக்குள் புகுந்து சேதம் பண்ணுகிறதா இல்லை சும்மா மேலே உட்கார்ந்திருக்கிறதா, உருவத்தைப் பார்த்தால் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. இதற்கு மேல் இனம், வகை என்று பெயர் சொல்வது கல்ச்சரின் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) வேலை, அல்லது பி.சி.ஆரின் வேலை. சில பூஞ்சைகளை மட்டும் உருவத்தை வைத்தே அடித்துச் சொல்லலாம், அவற்றைக் கீழே சொல்கிறேன். இந்த எல்லையை மறந்து ஸ்லைடை வைத்தே முழுப் பெயரும் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள், எதற்கு வம்பு என்று பூஞ்சை என்ற ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே நோயாளிக்கு உதவாது.

பாட்டில் இரண்டு வேண்டும்

தென்காசிப் பக்கம் பிராங்கோஸ்கோப்பியோ சி.டி. பார்த்து ஊசி பயாப்சியோ நடக்கும். நோயாளியின் மகனோ மருமகனோ ஒரு சின்ன பாட்டிலை மஞ்சப்பையில் போட்டு பஸ் ஏறி வண்ணார்பேட்டைக்கு வந்து, "அண்ணாச்சி, இதை எங்க குடுக்கணும்?" என்று கவுண்டரில் நிற்பார். பாட்டிலைத் திறந்தால் மொத்தமும் ஃபார்மலினில் கிடக்கும். அந்த நிமிடத்திலேயே கல்ச்சர் முடிந்துபோனது, பூஞ்சையோ காசநோய்க் கிருமியோ ஃபார்மலினில் உயிரோடு இருக்காது. இப்படி வருவது எனக்குத் தீராத எரிச்சல், ஏனென்றால் எடுக்கும்போதே ஒரு துண்டை வேறு பாட்டிலில் போட ஒரு பைசா செலவில்லை.

ஒரு துண்டு ஃபார்மலினுக்கு, ஒரு துண்டு ஸ்டெரைல் நார்மல் சலைனுக்கு. சலைன் துண்டு காயாமல் இருக்கும் அளவுக்குக் கொஞ்சம் இருந்தால் போதும், பாட்டில் நிறைய ஊற்றினால் அந்தப் பொடித் துண்டைத் தேடுவதே வேலையாகிவிடும். இரண்டு பாட்டிலிலும் எது என்ன என்று பெரிதாக எழுதுங்கள். சலைன் பாட்டில் அன்றைக்கே மைக்ரோபயாலஜிக்குப் போய்ச் சேர வேண்டும், சித்திரை வெயிலில் பைக் பெட்டிக்குள் மத்தியானம் முழுக்கக் கிடக்கக் கூடாது. மியூக்கர் (கறுப்புப் பூஞ்சை என்று பேரெடுத்த கூட்டம்) சந்தேகம் என்றால் ஃபிரிட்ஜிலும் வைக்காதீர்கள், அந்தக் கூட்டத்துக்குக் குளிர் ஆகாது. அங்கே இருப்பவருக்கும் ஒரு போன் போட்டு, சதையை அரைக்க வேண்டாம், பிளேடால் சின்னச் சின்னதாக நறுக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். மியூக்கர் இழைகளுக்கு உள்ளே குறுக்குச் சுவர் ஏறக்குறைய கிடையாது, அரைத்தால் மொத்த இழையும் உடைந்து செத்துவிடும், ஸ்லைடில் கொத்துக் கொத்தாகத் தெரிந்தது கல்ச்சரில் முளைக்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

சலைன் துண்டிலிருந்து முதலில் கே.ஓ.எச். மவுண்ட் (சதையைக் காரத்தில் கரைத்து நேராகப் பார்ப்பது), கால்கோஃப்ளோர் சாயம் இருந்தால் அதோடு சேர்த்து. கால்கோஃப்ளோர் பூஞ்சையின் சுவரிலுள்ள கைட்டினில் ஒட்டி ஃபுளோரசன்ஸில் பளிச்சென்று தெரியும், ஸ்லைடு வர ஒன்றிரண்டு நாள் ஆகும் இடத்தில் இது ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லிவிடும். அதே துண்டிலிருந்துதான் காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் சோதனைக்கும் போக வேண்டும். கல்ச்சர் சபுரோ அகாரில் (பூஞ்சை வளர்க்கும் ஊடகம்) 25 டிகிரியிலும் 37 டிகிரியிலுமாகப் போட்டு, நான்கு வாரம் வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். சில பூஞ்சைகளைத் தடுக்கும் சைக்ளோஹெக்சிமைடு சேர்த்த அகாரை மட்டும் நம்பினால் ஆஸ்பெர்ஜில்லஸ், மியூக்கர், கிரிப்டோகாக்கஸ் எல்லாம் வளராமல் போகலாம்.

ஃபார்மலின் பக்கம் பெரிய சூட்சுமம் ஒன்றும் இல்லை. 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலின், சதையைப் போலப் பத்து மடங்காவது அளவு. வாரக்கணக்கில் ஊறவிடாதீர்கள், பின்னால் பிளாக்கிலிருந்து டி.என்.ஏ. எடுக்க நேர்ந்தால் அது துண்டு துண்டாகிக் கிடக்கும்.

அப்புறம் ரிக்வெஸ்ட் ஃபார்ம். "நுரையீரல் கட்டி, ?டி.பி., ?கேன்சர்" என்று மூன்று வார்த்தை எழுதி அனுப்பினால் நாங்கள் என்ன செய்ய? சர்க்கரை எவ்வளவு, கீட்டோஅசிடோசிஸ் வந்ததா, வீசிங்குக்கோ மூட்டுவலிக்கோ ஸ்டீராய்டு எவ்வளவு நாள் போனது, எச்.ஐ.வி., கீமோ, கிட்னி மாற்று, முன்னால் டி.பி. வந்து ஆறிய கேவிட்டி (நுரையீரலில் விழுந்த பொந்து), என்ன வேலை, எந்த ஊரில் இருந்து வந்தவர், இவ்வளவும் வேண்டும். மணிப்பூர்ப் பக்கத்திலிருந்து இங்கே வேலைக்கு வந்த பையன் என்றால் ஒரு பூஞ்சை நினைவுக்கு வரும், அரிசோனாவில் ஐ.டி. வேலை பார்த்துவிட்டு லீவில் ஊருக்கு வந்தவர் என்றால் வேறொன்று.

எச் அண்ட் ஈயில் (வழக்கமான முதல் ஸ்டெயினில்) எங்கே பார்ப்பது

டிரான்ஸ்பிராங்கியல் பயாப்சி அரிசியில் பாதிதான் இருக்கும். எனவே பிளாக்கை முதல் தடவை மைக்ரோடோமில் வைக்கும்போதே ஏழெட்டு செக்‌ஷன் கூடுதலாக எடுத்து ஸ்டெயின் பண்ணாமல் வைத்துவிடுங்கள். இரண்டாம் தடவை வைத்து மறுபடி சமப்படுத்தினால் சதையில் பாதி குப்பைக்குப் போகும், ஸ்டெயின் கேட்கிற நேரத்தில் பிளாக்கில் வெறும் மெழுகுதான் இருக்கும்.

சின்ன பவரில் பூஞ்சையைத் தேடாதீர்கள், திசு எப்படி எதிர்வினை காட்டியிருக்கிறது என்று பாருங்கள். செத்துப்போன நுரையீரல், அதன் நடுவிலோ ஓரத்திலோ அடைபட்ட ரத்தக்குழாய், சுற்றிலும் ரத்தக் கசிவு என்றால் குழாயைத் துளைக்கும் பூஞ்சை: ஆஸ்பெர்ஜில்லஸ் அல்லது மியூக்கர். அந்தக் குழாயின் சுவரையும் உள்ளே இருக்கும் ரத்தக்கட்டியையும்தான் பெரிய பவரில் பார்க்க வேண்டும். வெள்ளை அணுக்கள் இறங்கிப்போன கீமோ நோயாளியில் அழற்சி அணுக்களே இருக்காது, வெறும் நெக்ரோசிஸ் (செத்த திசு) மட்டும் இருக்கும், "அழற்சி இல்லை" என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

நடுவில் செத்த பகுதியோடு கிரானுலோமா என்றால் காசநோயோடு ஹிஸ்டோபிளாஸ்மா, கிரிப்டோகாக்கஸ் என்ற இரண்டு பூஞ்சைகளையும் பட்டியலில் வையுங்கள். கிருமி பெரும்பாலும் அந்தச் செத்த நடுப்பகுதியில்தான் கிடக்கும், சுற்றியுள்ள எபிதீலியாய்டு அணுக்களில் மட்டும் தேடிவிட்டு இல்லை என்று எழுதுவது வழக்கமான தவறு. காற்றறைகளில் இளஞ்சிவப்பாக நுரைத்துக் கிடக்கும் பொருள் நியூமோசிஸ்டிஸை நினைவூட்ட வேண்டும். மூச்சுக்குழலில் அடைத்த கெட்டிச் சளி, அதில் அடுக்கடுக்காக இயோசினோஃபில், நடுவே கூர்மையான சார்கோட்-லைடன் படிகங்கள் என்றால் ஆஸ்துமாக்காரருக்கு வரும் அலர்ஜி ஆஸ்பெர்ஜில்லோசிஸ். அதில் இழைகள் ரொம்பக் குறைவு, உடைந்த துணுக்குகளாகத்தான் இருக்கும், திசுவுக்குள் புகுந்திருக்காது. ஆறிய டி.பி. கேவிட்டிக்குள் இழைகள் உருண்டையாகத் திரண்டு கிடந்தால் ஆஸ்பெர்ஜில்லோமா. டி.பி. இவ்வளவு பார்த்த நம் மாவட்டங்களில், ரத்தமாக இருமி வந்து ஆபரேஷனில் எடுக்கப்பட்ட மடலில் இதைத் தேடித்தான் ஆக வேண்டும்.

ஜிஎம்எஸ்ஸை ஒழுங்காகப் போடுவது

கிரானுலோமாவோ விளக்கமில்லாத நெக்ரோசிஸோ இருந்தால் காசநோய்க் கிருமிக்கான சீல்-நீல்சன், பூஞ்சைக்கான ஜிஎம்எஸ் இரண்டையும் ஒன்றாகவே ஆர்டர் பண்ணுங்கள். முதலில் சீல்-நீல்சன், அது நெகட்டிவ் என்றால் பிறகு பார்க்கலாம் என்று வைத்தால் இரண்டு நாள் வீண். தவிர சீல்-நீல்சன் பாசிட்டிவ் வந்தாலும் பூஞ்சை கூடவே இருக்கலாம்.

ஜிஎம்எஸ்ஸின் அடிப்படை எளிது. குரோமிக் ஆசிட் பூஞ்சைச் சுவரின் சர்க்கரைச் சங்கிலிகளை ஆக்ஸிடைஸ் பண்ணி ஆல்டிஹைடு ஆக்குகிறது, அந்த ஆல்டிஹைடு மெத்தனமைன் கரைசலில் உள்ள வெள்ளியைக் கறுப்பு உலோகமாக மாற்றுகிறது. கோமோரி 1946-ல் கொடுத்த முறையை குரோகாட் 1955-ல் பூஞ்சைக்காக மாற்றியமைத்தார், இன்றும் ஏறக்குறைய அதேதான். 5 சதவீத குரோமிக் ஆசிட் ஒரு மணி நேரம், கழுவி 1 சதவீத சோடியம் பைசல்ஃபைட் ஒரு நிமிடம், நன்றாகக் கழுவி, முன்கூட்டியே 58 முதல் 60 டிகிரிக்குச் சூடாக்கிய வெள்ளிக் கரைசல். அப்புறம் கோல்டு குளோரைடு, சோடியம் தயோசல்ஃபேட், லைட் கிரீன்.

கெட்டுப்போவது எப்போதும் வெள்ளிக் கரைசலில்தான். இத்தனை நிமிடம் என்று கடிகாரம் பார்த்து எடுக்காதீர்கள், அரை மணிக்கு மேல் ஆனதும் ஸ்லைடை வெளியே எடுத்து டிஸ்டில்டு வாட்டரில் முக்கிப் பாருங்கள். சதை வெளிர்ப் பனங்கற்கண்டு நிறத்துக்கு வந்திருந்தால் மைக்ரோஸ்கோப்பில் வைத்து கண்ட்ரோலில் (பூஞ்சை உண்டு என்று தெரிந்த சதையில்) பூஞ்சை அடர்பழுப்பாக இருக்கிறதா என்று பார்த்து நிறுத்துங்கள். அதற்கு மேல் விட்டால் எலாஸ்டிக் நாரிலிருந்து நியூக்ளியஸ் வரை எல்லாம் கறுத்துவிடும், இழைக்குள் இருக்கும் குறுக்குச் சுவரும் மறைந்துவிடும், பிறகு தடுப்பு (அந்தக் குறுக்குச் சுவர்) இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே பதில் கிடையாது. ஆனால் ஆறிப்போன பழைய கிரானுலோமாவில் செத்த ஹிஸ்டோபிளாஸ்மா தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு ஸ்லைடை வேண்டுமென்றே கொஞ்சம் கூடுதல் நேரம் விடுங்கள், சுவர் சிதைந்த ஈஸ்ட் (இழையாகாமல் ஒற்றை அணுவாக இருக்கும் பூஞ்சை) வெள்ளியை மெதுவாகத்தான் வாங்கும். பி.ஏ.எஸ். என்ற இன்னொரு ஸ்டெயின் அந்தச் செத்த ஈஸ்டைப் பெரும்பாலும் காட்டாது.

வெள்ளிக் கரைசலுக்குள் இரும்பு ஃபோர்செப்ஸ் விடக் கூடாது, பிளாஸ்டிக்தான். கண்ணாடிப் பாத்திரம் ஆசிடில் கழுவியதாக இருக்க வேண்டும். தண்ணீரையும் கவனியுங்கள்: ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் மாதிரி உப்புத் தண்ணீர் வரும் இடத்தில், அந்தத் தண்ணீரில் கழுவிய ஸ்லைடை அப்படியே வெள்ளிக்குள் விட்டால் குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து படிந்து சதை முழுக்கப் பொடி தூவியதுபோல் ஆகிவிடும். தாமிரபரணித் தண்ணீர் வரும் இடமாக இருந்தாலும் வெள்ளிக்கு முன்னால் பல முறை டிஸ்டில்டு வாட்டர்தான். கண்ட்ரோல் சதையை நோயாளியின் ஸ்லைடிலேயே ஓரத்தில் ஒட்டுங்கள், தனி ஸ்லைடில் கண்ட்ரோல் நன்றாக வந்தது என்பது இந்த ஸ்லைடைப் பற்றி எதுவும் சொல்லாது. நெகட்டிவ் என்று எழுதும் முன் கண்ட்ரோலைப் பாருங்கள், அது கறுக்கவில்லை என்றால் ரிசல்ட்டே கிடையாது.

இழையா, ஈஸ்டா

அளவுகோல் ஸ்லைடுக்குள்ளேயே இருக்கிறது. சிவப்பணு சுமார் 7 மைக்ரான், எதைப் பார்த்தாலும் பக்கத்துச் சிவப்பணுவோடு ஒப்பிடுங்கள்.

இழை என்றால் முதல் கேள்வி ஆஸ்பெர்ஜில்லஸ் மாதிரியா, மியூக்கர் மாதிரியா. இதில் தப்பினால் மருந்து தப்பும். ஆஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் மருந்து வோரிகொனசோல், அது மியூக்கரை ஒன்றும் செய்யாது, மியூக்கருக்கு ஆம்போடெரிசின் பி வேண்டும், முடிந்தால் அறுவை சிகிச்சையும். ரத்தத்தில் பார்க்கும் கேலக்டோமேனன், பீட்டா டி குளூக்கன் சோதனைகளும் மியூக்கரைப் பிடிக்காது, ஆகவே அங்கே நம்பிக்கை திசு மேல்தான்.

ஆஸ்பெர்ஜில்லஸ் இழை 3 முதல் 6 மைக்ரான், சிவப்பணுவைவிட ஒல்லி. இரண்டு பக்கச் சுவரும் இணையாக ஓடும், ஒழுங்கான இடைவெளியில் குறுக்குச் சுவர், கிளை ஏறத்தாழ 45 டிகிரியில் பிரிந்து எல்லாம் ஒரே திசையில் போகிற மாதிரி தெரியும். மியூக்கர் இழை சிவப்பணுவைவிட அகலம், 6-லிருந்து 20 மைக்ரானுக்கு மேலும் போகும், ஒரே இழையிலேயே அகலம் மாறும், சுவர் மெலிசு, மடங்கி முறுக்கிய ரிப்பனாகக் கிடக்கும், கிளை கிட்டத்தட்ட செங்கோணத்தில். ஜிஎம்எஸ்ஸில் மியூக்கர் பெரும்பாலும் வெளிறித்தான் வரும், எச் அண்ட் ஈயிலேயே நன்றாகத் தெரியும். 2021 மே மாதம் தமிழ்நாட்டில் மியூக்கரை அறிவிக்க வேண்டிய நோயாக்கியபோது எல்லோர் வாயிலும் கறுப்புப் பூஞ்சை என்றே வந்தது, ஆனால் ஸ்லைடில் கறுப்பைத் தேட வேண்டாம், இழைக்கு நிறம் கிடையாது, கறுத்தது செத்த சதை.

புத்தகப் படத்தில் இது சுலபம். நிஜ ஸ்லைடில் மியூக்கர் இழை மடிந்த இடம் குறுக்குச் சுவர் மாதிரி இருக்கும், குறுக்கே வெட்டுப்பட்ட மியூக்கர் வெறும் வட்டமாகக் கிடந்து ஈஸ்டோ என்று மயக்கும். மருந்து பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் ஊதிப்போய் மியூக்கர் அகலத்துக்கு வரும். ஆகவே ஒரே ஒரு கிளையின் கோணத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள். நீளவாட்டில் வெட்டுப்பட்ட, சிதையாத இழைகளை நாலைந்து இடத்தில் தேடி, அகலம், சுவர், தடுப்பு மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், கோணம் கடைசி. சிதைந்த துணுக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால் வகை பிரிக்க முடியவில்லை என்று எழுதுங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை.

இன்னொன்று, ஒல்லியான தடுப்புள்ள இழை என்றாலே ஆஸ்பெர்ஜில்லஸ் இல்லை. ஃபியூசேரியம், சிடோஸ்போரியம் இரண்டும் திசுவில் அச்சு அசலாக இப்படித்தான் இருக்கும், சிடோஸ்போரியம் ஆம்போடெரிசினுக்குப் பெரும்பாலும் மசியாது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்று உறுதியாகச் சொல்ல வைப்பது அதன் காய்த்தலை (வித்துகள் உருவாகும் தலை), அது காற்று படும் கேவிட்டியிலோ மூச்சுக்குழலிலோதான் உருவாகும், ஆழத்துச் சதையில் கிடைக்காது. போலரைஸ் பண்ணிப் பார்க்கையில் இழைகளைச் சுற்றி ஆக்ஸலேட் படிகம் மின்னினால் ஆஸ்பெர்ஜில்லஸ் பக்கம், குறிப்பாக நைஜர் பக்கம், சாயலாம்.

ஈஸ்ட் என்றால் அளவும் மொட்டும். 2 முதல் 4 மைக்ரான், கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் அணுவுக்குள் கூட்டமாக, ஒல்லியான கழுத்தில் ஒற்றை மொட்டு, இது ஹிஸ்டோபிளாஸ்மா. 1906-ல் டார்லிங் பனாமாவில் இதை முதலில் விவரித்தபோது ஒட்டுண்ணி என்றும், சுற்றியுள்ள வெள்ளை வளையத்தைக் கவசம் என்றும் நினைத்தார், இரண்டும் இல்லை, வளையம் ஃபிக்ஸ் பண்ணும்போது ஈஸ்ட் சுருங்குவதால் வருவது. இந்தியாவில் கல்கத்தாவிலிருந்து 1954-ல் முதலில் எழுதினார்கள், அதனால் வங்காளத்து நோய் என்று நினைத்து விட்டுவிட வேண்டாம். அட்ரினல் வீங்கியிருக்கிறது என்று சி.டி.யில் இருந்தால் கட்டாயம் தேடுங்கள். அதே அளவில் மொட்டு விடாமல் நடுவில் குறுக்குச் சுவர் போட்டுப் பிளந்தால் டாலரோமைசிஸ், மணிப்பூர்ப் பக்கம் என்று மேலே சொன்னது இதைத்தான், எச்.ஐ.வி.யோடு சேர்ந்து வரும்.

கிரிப்டோகாக்கஸ் பெரும்பாலும் 4 முதல் 10 மைக்ரான், ஆனால் ஒரே ஃபீல்டில் பொடிசும் பெரிதுமாக அளவு கலந்து கிடக்கும், அதுவே ஒரு குறிப்பு. புறாக்கள் கூடுகட்டும் கோபுரமும் பழைய கட்டடமும் நம் ஊரில் எங்கே இல்லை, எச்சத்தில் இது இருக்கும். ஈஸ்டைச் சுற்றியுள்ள கவசத்தை மியூசிகார்மைன் ஸ்டெயின் சிவப்பாகக் காட்டும், உருவத்தை வைத்துப் பெயர் சொல்லலாம் என்று நான் சொன்னவற்றில் இது ஒன்று. கவசம் இல்லாத வகையும் உண்டு, அப்போது ஃபாண்டானா-மேசன் போடுங்கள், சுவரின் மெலனின் கறுக்கும். கண்டிப்பாக ரத்தத்தில் கிரிப்டோகாக்கஸ் ஆன்டிஜென் பார்க்கச் சொல்லுங்கள், தலைவலி இருந்தால் மூளையையும் யோசிக்க வேண்டும்.

நியூமோசிஸ்டிஸ் மொட்டே விடாது. ஜிஎம்எஸ்ஸில் 4 முதல் 7 மைக்ரான் உருண்டைகள், பாதி நசுங்கிய கிண்ணமாக, சிலவற்றில் நடுவில் கரும்புள்ளி. கண்டிடா ஈஸ்டோடு போலி இழையும் சேர்ந்து வரும், ஆனால் நுரையீரல் பயாப்சியில் அது பெரும்பாலும் வாயிலிருந்து இறங்கிய சங்கதி, திசுவுக்குள் புகுந்து அழற்சி கிளப்பியிருந்தால் மட்டுமே கண்டிடா நிமோனியா என்று பேசலாம். அகலமான அடியில் மொட்டு, இரட்டைச் சுவர், 8 முதல் 15 மைக்ரான் என்றால் பிளாஸ்டோமைசிஸ், இங்கே அபூர்வம். அரிசோனா, கலிஃபோர்னியா போய் வந்தவரிடம் 20 மைக்ரானிலிருந்து 100 வரை பெரிய உருண்டை, உள்ளே குட்டி வித்துகள் என்றால் காக்சிடியோய்டிஸ். அப்படி ஒரு சதையை எதிர்பார்த்தால் கல்ச்சர் லேப்புக்கு முன்கூட்டியே எச்சரிக்கை சொல்லுங்கள், அந்தக் கல்ச்சர் தட்டைத் திறப்பவருக்கே தொற்றும். குளத்துக் குளியலோடு மூக்கில் சதை வளர்ந்து வரும் ரைனோஸ்போரிடியத்தை நம்ம ஊர் பி.ஜி. தூக்கத்திலும் கண்டுபிடிப்பார், அதன் பைகளும் வித்து நிறைந்த உருண்டைதான், ஆனால் பல மடங்கு பெரிது, இடம் மூக்கு. நுரையீரலில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

ஏமாற்றுகிறவை

ஜிஎம்எஸ் கறுத்ததெல்லாம் பூஞ்சை இல்லை. நுரையீரலில் எலாஸ்டிக் நார் ஏராளம், உடைந்த நார் இழை மாதிரியே நிற்கும், ஆனால் சுவர் இரண்டாகத் தெரியாது, உள்ளே வெற்றிடம் இருக்காது. சளி, சிவப்பணு, கரி எல்லாமும் கறுக்கும், கரி எச் அண்ட் ஈயிலும் கறுப்பாகவே இருக்கும் என்பதால் அது சுலபம். கையுறை மாவு பி.ஏ.எஸ்ஸில் சிவந்து ஈஸ்ட் மாதிரி தெரியும், போலரைஸ் பண்ணினால் சிலுவை விழும்.

பக்கவாதம் வந்து விழுங்க முடியாத பெரியவர்களில் சுண்டலோ பருப்போ மூச்சுக்குழலுக்குள் போய்விடும், அந்தப் பயறு ஸ்டார்ச் உருண்டைகளைச் சுற்றி ஜெயண்ட் செல் கிரானுலோமா வரும், பி.ஏ.எஸ். பளிச்சென்று பிடிக்கும். காக்சிடியோய்டிஸ் என்று குதிக்கும் முன் செல்லுலோஸ் சுவர், தாவர அணுக்களின் கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். வாட்டர்பாத்தில் மிதந்து ஒட்டும் காற்றுப் பூஞ்சையும் உண்டு, பழுப்பு நிற வித்துகள், சதைக்கு மேலே வேறு ஃபோகஸில் இருக்கும், சுற்றிலும் எந்த எதிர்வினையும் இருக்காது. வாட்டர்பாத் தண்ணீரைத் தினமும் மாற்றினால் இந்தத் தலைவலி பாதி குறையும்.

என்ன எழுதுவது

முதல் வரியில் திசு என்ன செய்திருக்கிறது: ரத்தக்குழாயைத் துளைத்த பூஞ்சை, நெக்ரோசிஸோடு. இரண்டாவது வரியில் உருவம்: ஒல்லியான, தடுப்புள்ள, நிறமற்ற இழைகள், கூர்ங்கோணக் கிளை. மூன்றாவதில் கருத்து: ஆஸ்பெர்ஜில்லஸாக இருக்கலாம், ஃபியூசேரியம், சிடோஸ்போரியம் இதே உருவம் காட்டும், கல்ச்சரோடு சேர்த்துப் பார்க்கவும். "ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸ்" என்று எழுதினால் படிப்பவர் கல்ச்சரைத் தேட மாட்டார், அங்கேதான் ஆபத்து. சேதமுள்ள திசுவுக்குள் இழையை நேரில் காட்டினால் 2020-ல் வெளியான இ.ஓ.ஆர்.டி.சி. என்ற ஐரோப்பிய அமைப்பின் வரையறையின்படி அது உறுதிப்பட்ட தொற்று, ஆகவே புகுந்திருக்கிறதா இல்லையா என்பதை மழுப்பாமல் எழுதுங்கள். சீல்-நீல்சன் முடிவையும் அதே ரிப்போர்ட்டில் போடுங்கள். இரண்டும் நெகட்டிவ் என்றால் "காசநோய்க்குப் பொருந்தும்" என்று மட்டும் முடித்துவிடாமல், எந்தெந்த ஸ்டெயின் எத்தனை லெவலில் (பிளாக்கின் எத்தனை ஆழத்து வெட்டில்) பார்த்தோம், கிருமி எதுவும் தெரியவில்லை, சிபிநாட், கல்ச்சர் பார்க்கவும் என்று சொல்லுங்கள்.

மியூக்கர் சந்தேகம் வந்தால் டைப் பண்ணும் வரை காத்திருக்க வேண்டாம், வார்டு டாக்டருக்கு அப்போதே போன். இரவென்றாலும் சரி, ஆம்போடெரிசின் தொடங்க ஆகும் ஒவ்வொரு நாளும் அந்த நோயாளியின் கணக்கில்தான் விழும்.

எல்லாம் ஃபார்மலினிலேயே போய்விட்டது, ஸ்லைடில் இழை தெரிகிறது, பெயர் தெரிய வேண்டும் என்றால் பிளாக்கிலிருந்து பி.சி.ஆர். செய்து வரிசை படிக்கலாம். இழை கண்ணில் தெரியாத பிளாக்கை அனுப்பாதீர்கள், காற்றிலும் மெழுகிலும் கிடக்கும் ஏதாவது பூஞ்சையின் பெயர்தான் வரும். சண்டிகர் பி.ஜி.ஐ.யில் நோய்தரும் பூஞ்சைகளுக்கான தேசியச் சேகரிப்பு இருக்கிறது, கல்ச்சரில் வளர்ந்தும் பெயர் பிடிபடாதவற்றை அங்கே அனுப்பிக் கேட்கலாம். பிளாக் அனுப்பும்போது இழை தெரிந்த ஜிஎம்எஸ் ஸ்லைடின் போட்டோவும், எந்த ஓரத்தில் இழை இருக்கிறது என்று மார்க்கரில் வட்டமிட்ட எச் அண்ட் ஈயும் கூட வையுங்கள். வெட்டுவதற்கு முன் பிளேடை மாற்றச் சொல்லி ஒரு வரி எழுதிவிடுங்கள். பிளாக்கில் இருக்கும் சதை முழுவதையும் கொடுத்துவிடாதீர்கள், மறுபடி ஒரு சீல்-நீல்சன் கேட்டு நாளைக்கே போன் வரலாம்.